ஒறம்பரை வந்த நாளிலும் நிற்கிற பயிற்சி

போன மாதம் சென்னிமலையிலிருந்து என் சின்னம்மா மகள் போன் செய்தாள். ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். வயது 38, இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு வாரம் மாறுகிற ஷிப்ட். “ஏனுங்க்கா, தெனமும் உருப்படியா ஒரு பயிற்சி பண்ணோணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. மன்றத்துல சேர்றதா, ஈஷாவுக்குப் போறதா, இல்ல போன்ல பாத்தே பண்ணிக்கறதா? நீங்கதான் எல்லாத்தையும் பண்ணிப் பாத்திருக்கறீங்க, ஒரு வழி சொல்லுங்க்கா” என்றாள். இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. “ரெண்டு நாள் பொறு கண்ணு, யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். யோசித்ததை எழுதியே வைத்துவிட்டால் அவளைப் போல இன்னும் சிலருக்கும் உதவும் என்று தோன்றியது.

நான் இருப்பது திருமுருகன்பூண்டியில். காலையில் கண் விழித்தால் காதில் விழுவது சிற்பக் கூடத்து உளிச் சத்தம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். கடந்த 14 வருடங்களில் நான்கு வழிகளில் நடந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நன்மை கிடைத்தது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு இடத்தில் அறுந்தும் போனது. அறுந்த இடங்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

யாரைக் கேட்டாலும் “எது ஒசத்தி?” என்றுதான் பேச்சு தொடங்குகிறது. குரு யார், பரம்பரை எது, எத்தனை பேருக்குப் பலித்தது என்று போகிறது. நல்ல கேள்விகள்தான். ஆனால் தினசரிப் பயிற்சி என்று வரும்போது நான் முதலில் கேட்பது, இது எந்த நாளில் அறுந்து போகும் என்பதை. குழாய்த் தண்ணீர் விடிகாலை நாலு மணிக்கு வருகிற நாள். ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்து இரண்டு நாள் தங்குகிற நாள். நோம்பி நாள். கப்பலுக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய வாரத்தில் ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்புகிற நாள். மாதவிலக்கு, சாவுத் தீட்டு, காய்ச்சல். இவற்றை எண்ணிப் பார்த்தால் மாதத்தில் பாதி இப்படித்தான் போகிறது. மீதிப் பாதி நாளில் எந்தப் பயிற்சியும் நன்றாகத்தான் நடக்கும். இந்தப் பாதி நாளில் எது நிற்கிறதோ அதுதான் நம்முடையது.

முதலில் மனவளக்கலை. உடற்பயிற்சியும் தவம் என்கிற தியானமும் சேர்ந்த முறை. தங்கை கேட்ட ‘மன்றம்’ இதைச் சொல்லித் தருகிற இடம்தான். கொங்கு நாட்டில் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பெரும்பாலான ஊர்களில் ஒரு மன்றமோ தவ மையமோ இருக்கும். வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்து, தொழில் செய்து, குடும்பம் நடத்திக்கொண்டே இதை வகுத்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ஆனைமலை அடிவாரத்தில் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006இல் கோவையில் மறைந்தார். என் தங்கைக்கு இந்த விவரம் முக்கியம் என்று நினைக்கிறேன். அவள் அப்பாவும் சென்னிமலையில் போர்வைத் தறி ஓட்டியவர். நாடா வீசிய கை வகுத்த முறை என்றால், குடும்பத்தை விட்டுவிட்டு வா என்று சொல்லாது என்ற நம்பிக்கை அவளுக்கு வரும். அந்த நம்பிக்கை சரியானதுதான்.

மன்றத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது எளியமுறை உடற்பயிற்சி. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று வரிசை போகும். உடம்பை முறுக்கி மடக்குகிற வேலை இல்லை. 60 வயது ஆத்தாவும் செய்யலாம். அப்புறம் தவம். புருவ மத்தியில் ஆக்கினை தீட்சை, அடுத்து முதுகுத்தண்டின் அடியில் மூலாதாரத்தில் சாந்தி, பிறகு உச்சியில் துரியம் என்று படிப்படியாக ஏற்றுவார்கள். இதில் சாந்தி தவம் இருக்கிறதே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். நெற்றியில் கவனம் வைத்து உட்கார்ந்து பழகியவர்களுக்குச் சில நாட்களில் தலை கனக்கும், நெற்றி இறுகும். அப்போது கவனத்தைக் கீழே இறக்கிக்கொள்ள ஒரு வழியை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஏறுவதற்கு வழி சொல்கிறவர் இறங்கவும் வழி சொல்ல வேண்டும் அல்லவா? தானே படித்துத் தியானம் செய்கிறவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

அதற்கு மேலே ஒன்று, அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று நோட்டில் எழுதியே செய்கிற பயிற்சி. சினம் தவிர்த்தலில், யார் யார் மேல் அடிக்கடி கோபம் வருகிறது, எதற்காக வருகிறது என்று பட்டியல் போடச் சொன்னார்கள். நான் பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கமாக எழுதினேன். எழுதி முடித்தபோது 9 பேர். அதில் 7 பேர் என் வீட்டுக்குள் இருக்கிறவர்கள், வந்து போகிறவர்கள். வெளியாள் இரண்டே பேர். அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்தில் விழுங்கியதையெல்லாம் வீட்டில் வந்து கொட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கணக்குப் பேரேட்டைப் பார்க்கிற மாதிரி தெரிந்தது. எத்தனையோ நாள் கண்ணை மூடி உட்கார்ந்தும் தெரியாத ஒன்றை ஒரு பென்சில் காட்டிக் கொடுத்துவிட்டது. நான்கு வழிகளில் இந்த ஒன்றை வேறு எங்கும் இவ்வளவு துலக்கமாக நான் காணவில்லை. மற்றவற்றில் மனம் அமைதியாகும். இங்கே குணத்தில் கை வைக்கச் சொல்கிறார்கள். கடினமான வேலை, ஆனால் வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பலன் தெரிகிற வேலை.

சரி, இது எங்கே அறுந்தது? உடற்பயிற்சி முழுவதும் செய்ய முக்கால் மணி நேரம், தவத்துக்குக் கால் மணி முதல் இருபது நிமிடம். ஒரு மணி நேரம் ஆகிவிடும். நேரம் குறைந்தால் முதலில் உடற்பயிற்சியை விட்டுவிட்டுத் தவம் மட்டும் செய்வோம். பிறகு இடுப்பு வலிக்கும், உட்கார முடியாது, தவமும் போகும். எனக்கு அப்படித்தான் ஆனது. இன்னொன்று, மன்றத்தோடு ஒட்டினால் அடுத்த நிலை, அடுத்த பயிற்சி, அருள்நிதி, அதாவது சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர், ஆகிற படிப்பு, தொண்டு என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அன்பால் அழைக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஷிப்ட் பார்க்கிற பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் வீட்டில் சங்கடம் வரும். அடிப்படைப் பயிற்சியும் ஆக்கினையும் சாந்தியும் கற்றுக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் ஊறப் போடலாம். அடுத்த நிலை எங்கும் ஓடிப் போகாது.

நெருக்கடியான நாளுக்கும் இங்கே ஒரு கைப்பிடி உண்டு. காயகல்பம் என்று சொல்லித் தருகிற அஸ்வினி முத்திரையும் ஓஜஸ் மூச்சும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எழுந்தவுடன் ஒரு முறை, படுக்கப் போகும்போது ஒரு முறை. வீட்டில் ஒறம்பரை நிறைந்திருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம்.

அடுத்தது ஈஷா. வெள்ளியங்கிரி அடிவாரம் நமக்கு வெளியூர் இல்லை. 1999இல் தியானலிங்கம், 2017இல் 112 அடி ஆதியோகி சிலை என்று அந்த இடம் வளர்ந்து, இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்களுக்கும் கோவை என்றால் அதுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே அடிப்படைப் பயிற்சியில் தீட்சையோடு தருவது சாம்பவி மகாமுத்ரா. 21 நிமிடம். கட்டணம் சில ஆயிரம் ரூபாய் ஆகும். கற்றுக்கொண்ட பிறகு 40 நாள் காலையும் மாலையும் விடாமல் செய்யச் சொல்வார்கள். வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். முழுச் சாப்பாடு என்றால் நாலு மணி நேரம் கழித்துத்தான் உட்கார வேண்டும். சொல்லிக் கொடுத்ததை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் கற்றேன், அதனால் செய்முறைக்குள் போகவில்லை.

இதன் பலம், நாம் யோசிப்பதற்கு ஒன்றுமே இல்லை. இன்றைக்கு எந்த ஆசனம், எத்தனை சுற்று என்ற குழப்பம் கிடையாது. உட்கார்ந்தால் இன்னது முதல், இன்னது கடைசி. சோம்பல் புகுவதற்குச் சந்து இல்லை. நான் அந்த 40 நாளை முழுவதும் முடித்தேன். மூன்றாவது வாரத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் வழக்கமாக வருகிற அந்த மந்தம் வரவில்லை. ஒரு நாள் முழுக்கக் கணக்கு பார்த்தும் தலை தெளிவாக இருந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

முதலில் போனது மாலைப் பயிற்சி. ஆறரைக்கு வேலை முடியும். நாலரைக்கே டீயும் ஏதாவது பலகாரமும் உள்ளே போயிருக்கும். வீட்டுக்கு வந்து எட்டு மணிக்கு உட்காரலாம் என்றால் பிள்ளைகள் பசியோடு நிற்பார்கள். சரி, காலை மட்டும் என்று ஒன்றரை வருடம் போனது. பிறகு அம்மாவை மூன்று வாரம் மருத்துவமனையில் வைத்திருந்தோம். அந்த வராந்தாவில், பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகிக்கொண்டிருக்க, 21 நிமிடம் கண்ணை மூடி உட்கார என்னால் முடியவில்லை. பாதியாகச் செய்யக்கூடிய பயிற்சி இல்லை அது. மூன்று வாரம் விட்டதும் மறுபடி தொடங்குவதற்கு ஒரு குற்ற உணர்ச்சி குறுக்கே நின்றது. நாள் தள்ளிப்போட்டு நாள் தள்ளிப்போட்டு, போயே போய்விட்டது. பயிற்சியின் குறை என்று சொல்ல மாட்டேன். பாறையில் செதுக்கிய மாதிரி அமைந்த முறை. அசைக்க முடியாது என்பதுதான் அதன் பலம். வாழ்க்கை அசைகிறபோது அதுவே தடையாகிவிடுகிறது.

அதனால் யாருக்கு ஈஷா பொருந்தும் என்றால், எழுகிற நேரமும் சாப்பிடுகிற நேரமும் ஓரளவு நிலையாக இருப்பவர்களுக்கு. கல்லூரிப் பிள்ளைகள், பகல் வேலைக்காரர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடு. மூன்று ஷிப்ட் பார்க்கிற என் தங்கைக்கு நாலு மணி நேர வெறும் வயிறு ஒவ்வொரு வாரமும் வேறு வேறு நேரத்தில் வரும். தீட்சை பெறும் முன் ருசி பார்க்க வேண்டும் என்றால் ஈஷா கிரியா என்று ஒன்றை இலவசமாகவே தருகிறார்கள். கால் மணி நேரத்தில் முடியும். அதை ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுப் போகலாம்.

மூன்றாவது வழியை யாரும் ‘பயிற்சி’ என்று சொல்வதில்லை. ஆனால் நம் பாட்டிமார்கள் கடைப்பிடித்தது அதுதான். மலை ஏறுவது, விளக்கு வைத்துப் பதிகமோ கவசமோ சொல்வது. கொங்கு நாட்டில் மலை இருந்தால் மேலே முருகன் இருப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மருதமலை, சிவன்மலை, சென்னிமலை, பழனி. என் தங்கைக்குச் சென்னிமலை வீட்டு வாசலில் நிற்கிறது. 1320 படி. வாரம் இரண்டு தடவை ஏறினாலே நெஞ்சும் காலும் கேட்கிற உழைப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஒரு நல்ல பங்கு இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும். முட்டி வலி இருப்பவர்கள் ஏறிவிட்டு மலைப் பஸ்ஸில் இறங்கலாம், அதில் தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை.

கந்த சஷ்டி கவசம் அரங்கேறியது இதே மலையில்தான் என்று ஊரே சொல்லும். தேவராய சுவாமிகள் பாடியது. அதில் வருகிற சிரகிரி சென்னிமலைதான். நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம் ஆகும். வாய்விட்டுச் சொல்லும்போது ஒரு மூச்சில் இரண்டு அடி, மூன்று அடி என்று மூச்சு தானாக நீளமாகிறது. உள்ளே இழுப்பது சிறிதாகவும் வெளியே விடுவது நீளமாகவும் போகும். மூச்சுப் பயிற்சியில் எண்ணிக்கை வைத்துப் பழகுகிற வேலையைப் பாட்டு எண்ணிக்கை இல்லாமலே செய்துவிடுகிறது.

இருபது நிமிடம் முடியாது என்றால் என் கை கொடுமுடிப் பதிகத்தைத்தான் நீட்டும். தேவாரப் பாடல் பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழு. அவிநாசி, எங்கள் திருமுருகன்பூண்டி, திருச்செங்கோடு, பவானி, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர். இதில் கொடுமுடியில் சுந்தரர் பாடிய நமச்சிவாயத் திருப்பதிகத்தில், “உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே” என்று பாட்டுக்குப் பாட்டு வரும். நான் உன்னை மறந்துபோனாலும் என் நாக்கு மறக்காமல் உன் பெயரைச் சொல்லும் என்கிறார். சின்ன வயதில் இதை வெறும் பக்தி என்று நினைத்தேன். அம்மா மருத்துவமனையில் கிடந்த அந்த மூன்று வாரத்தில்தான் அர்த்தம் புரிந்தது. 21 நிமிடம் உட்கார முடியாமல் போன அதே வராந்தாவில், மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, என்னை அறியாமல் உதடு அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் தொடங்கவே இல்லை. எத்தனையோ வருடம் அம்மா விளக்கு வைக்கும்போது சொல்லிக் கேட்டது, அது தானாக வந்தது. நான் மறந்த இடத்தில் நாக்கு செய்தது. பயிற்சி நம்முடையதாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்?

ஆனால் இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. வாய் சொல்லிக்கொண்டே இருக்க, மனம் அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மனப்பாடம் ஆன பிறகு அந்த ஆபத்து கூடும். இரண்டாவது, மலை ஏறாத நாளில் உடம்புக்கு ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிற நர்ஸுக்கு இடுப்பும் பின்னந்தொடையும் தளர வேண்டும், அதைப் பாட்டு செய்யாது. மூன்றாவது, வீட்டு வழக்கம். மாதவிலக்கு நாட்களில் விளக்கும் பாட்டும் கூடாது என்று நிறுத்துகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தீட்டு வந்தால் இன்னும் பத்துப் பதினைந்து நாள் போகும். வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் விட்டுப்போகிறது. ஆண்களுக்கு இந்தக் கணக்கே தெரியாது. என் முடிவு, விளக்கையும் பூஜை அறையையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறபடி விட்டுக்கொள்ளட்டும். மனதுக்குள் சொல்கிற பெயருக்கு யாரும் தடை போட முடியாது. நான் போட்டுக்கொள்வதும் இல்லை.

தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடப்பவர்களைப் பார்க்கிறோம். 48 நாள் விடிகாலைக் குளியல், ஒருவேளைச் சாப்பாடு, பாய்ப் படுக்கை. ஒழுங்கு நமக்குத் தெரியாத ஒன்றில்லை. மண்டலம் என்ற அளவை நம் ஊர்க்காரர்கள் ரத்தத்திலேயே வைத்திருக்கிறோம். மாலையைக் கழற்றிய மறுநாள்தான் பிரச்சினை. என் தம்பி ஒவ்வொரு வருடமும் 48 நாள் வேறு மனிதனாக இருப்பான். 49ஆம் நாளைக்கு என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும் மண்டலம் முடிந்த மறுநாள் செய்யப்போகிற சின்ன வடிவத்தை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும் என்று அவனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நான்காவது, தெருமுனை யோகா வகுப்பும் போனும். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆசனம் உடம்புக்குத் தருவதை வேறு எதுவும் தராது. சூரிய நமஸ்காரம் 12 நிலை, நிதானமாக ஆறு சுற்று செய்தால் பத்து நிமிடத்தில் உடம்பு முழுவதும் எண்ணெய் போட்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் ஆசிரியர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வகுப்பில் நான் முன்னால் குனிந்து காலைத் தொட முயன்றுகொண்டிருந்தபோது, சொல்லிக் கொடுத்தவர் பின்னாலிருந்து முதுகை அழுத்தினார். கீழ் முதுகில் சுளுக்கென்று ஒரு பிடிப்பு. மூன்று வாரம் குனிந்து கோலம் போட முடியவில்லை. அதிலிருந்து, சேரும் முன்பே உடம்பில் என்ன உபாதை என்று கேட்காத ஆசிரியரிடம் நான் போவதில்லை. ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் நீர் அழுத்தம் இருப்பவர்கள் தலைகீழ் நிலைகளையும் வேகமான கபாலபாதி மூச்சுப் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. தண்டுவட ஜவ்வு விலகியவர்களுக்கு முன் குனிதல் ஆகாது. கர்ப்பிணிகளுக்கு முறையே தனி. போனுக்கு இதெல்லாம் தெரியாது, நம்மைப் பார்க்கவும் அதற்குக் கண் இல்லை. ஏற்கெனவே கற்றவர்களுக்கு நினைவூட்ட அது உதவும். புதிதாகத் தொடங்க வேண்டும், காசும் செலவழிக்க முடியாது என்றால், ஜூன் 21 யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வகுத்த பொது யோகா முறை நல்ல தொடக்கம். முக்கால் மணி நேரம், பெரும்பாலும் எளிய நிலைகள்தான். முன் குனிதலும் கபாலபாதியும் அதிலும் உண்டு, மேலே சொன்ன உபாதை இருப்பவர்கள் அவற்றை விட்டுவிட வேண்டும். பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவும் இருக்கிறது. ஈரோட்டிலேயே வேலை பார்க்கிறவள் முதலில் அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

கலக்கலாமா என்றும் கேட்பாள். மன்றத்துத் தவத்தையும் ஈஷாவின் கிரியையையும் ஒரே காலையில் அடுத்தடுத்துச் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. இரண்டு கிணற்றை ஒரே நேரத்தில் வெட்டினால் இரண்டிலும் தண்ணீர் பார்க்க நாளாகும். பாட்டும் மலையும் அப்படியில்லை. அவை எதனோடும் சேரும்.

ஆக, என் தங்கைக்கு நான் சொன்னது இது. நடுவில் மனவளக்கலையை வைத்துக்கொள். காரணம் மூன்று. பக்கத்திலேயே மன்றம் இருக்கிறது, தலை கனத்தால் ஓடிப்போய்க் கேட்க ஆள் இருக்கிறது, நெருக்கடி நாளுக்கு ஐந்து நிமிட வடிவம் அதற்குள்ளேயே இருக்கிறது. துணைக்குக் கொடுமுடிப் பதிகம். வாரத்தில் விடுமுறை எந்த நாளில் வருகிறதோ அன்றைக்கு மலை. ஈஷாவுக்குப் போக ஆசை இருந்தால் பிள்ளைகள் பெரியவர்களாகி, ஷிப்ட் நின்ற பிறகு போ. அப்போது அது உனக்கு இன்னும் நன்றாகக் கூடி வரும்.

நேரத்தைப் பற்றியும் சொன்னேன். பிரம்ம முகூர்த்தம், நாலரை மணி என்றெல்லாம் படித்துவிட்டு மனம் சோர வேண்டாம். நைட் டியூட்டி முடித்து எட்டரைக்கு வீடு வருகிறவளுக்கு நாலரை மணி என்பது வார்டில் ஊசி போடுகிற நேரம். கடிகாரத்தோடு கட்டாமல் ஒரு வேலையோடு கட்டிவிட வேண்டும். குளித்து முடித்து, சாப்பிட உட்காரும் முன். எந்த ஷிப்டாக இருந்தாலும் குளியல் உண்டு, அதற்குப் பிறகு சாப்பாடு உண்டு. இரண்டுக்கும் நடுவில் அதை வைத்துவிட்டால் ஷிப்ட் மாறும்போது பயிற்சியும் கூடவே மாறி வரும். முழு நாள் என்றால் ஒரு மணி நேரம், பாதி நாள் என்றால் கைப்பயிற்சியும் பத்து நிமிடத் தவமும், மோசமான நாள் என்றால் காயகல்பமும் ஒரே ஒரு பாட்டும். இந்த மூன்று அளவையும் இப்போதே காகிதத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டு என்றேன். மூன்றாவது அளவைச் செய்த நாளையும் செய்த நாளாகவே காலண்டரில் குறிக்க வேண்டும். நான் இப்போது செய்வதும் இதே மாதிரிதான், ஷிப்ட் மட்டும் இல்லை. அகத்தாய்வு நோட்டை ஆடி மாதத்தில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை எடுத்துப் புதிதாக எழுதுகிறேன். போன மார்கழியில் 9 பேர் 4 பேராகியிருந்தார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “யோகா மேட்டு ஒண்ணு வாங்கோணுமாங்க்கா? ஆன்லைன்ல ஆயிரத்துக்கு மேல போட்டிருக்கறாங்க” என்றாள். நின்று செய்கிற ஆசனத்துக்குத்தான் வழுக்காத விரிப்பு வேண்டும், மன்றத்துப் பயிற்சிக்குப் பவானி ஜமுக்காளமே போதும் என்றேன். மறுபடி கொஞ்சம் யோசித்தாள்.

“அப்பா கடைசியா தறியில நெஞ்ச போர்வை ஒண்ணு பெட்டியில மடிச்சபடியே கெடக்குதுங்க்கா. விரிக்கவே மனசு வரலை. அதை நாலா மடிச்சுப் போட்டா ஆகுங்களா?”

“ஆகும் கண்ணு. அதையே போட்டுக்க” என்றேன்.